ஆசிரியர் பேசாத பாடம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது தெரியும். வகுப்பில் ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கினால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும். 'ஒன்பது' என்று வசையாகக் கூப்பிடப்படும் ஒரு பையனை நோக்கி இரண்டு மூன்று தலைகள் திரும்பும். அவன் நடையில் கொஞ்சம் நளினம் இருக்கும். அல்லது குரல் இன்னும் உடையாமல் இருக்கும். அல்லது கபடிக்கு வராமல் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறவனாக இருப்பான். கரும்பலகைப் பக்கம் திரும்பி நிற்கும் ஆசிரியரின் காதிலும் அந்தச் சிரிப்பு விழுந்திருக்கும். பெரும்பாலும் "சத்தம் போடாதீங்கடா" என்பதோடு விஷயம் முடிந்துவிடும். கூடவே சிரித்துவிடுகிற ஆசிரியர்களும் உண்டு.

இந்தச் சிரிப்பு என்ன செய்கிறது என்று கணக்கெடுத்த ஆய்வு ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. சென்னையின் சகோதரன் அமைப்போடு சேர்ந்து யுனெஸ்கோவின் புதுதில்லி அலுவலகம் நடத்தியது அது. 371 பேர் தங்கள் பள்ளி அனுபவத்தைச் சொன்னார்கள்: தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநங்கைகள், பள்ளியில் அப்படிக் கருதப்பட்டவர்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் அடி உதை பட்டதாகச் சொன்னவர்கள் 60 விழுக்காடு. தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் சீண்டலுக்கு ஆளானவர்கள் 43 விழுக்காடு. மூன்றில் ஒருவர் படிப்பையே விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைத்த எண் வேறொன்று. பட்டதைப் பள்ளியில் யாரிடமாவது சொன்னவர்கள் வெறும் 18 விழுக்காடுதான். அப்படிச் சொன்னவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைத்த பதில், கண்டுகொள்ளாமல் இரு என்பது. நடையையும் பேச்சையும் மாற்றிக்கொள் என்று அறிவுரை கேட்டவர்கள் 29 விழுக்காடு. அடித்தவனைத் திருத்துவதைக் காட்டிலும் அடிபட்டவனைத் திருத்துவது பள்ளிக்கு எளிதாக இருந்திருக்கிறது.

இதை மாற்றப் பாடநூல், படக்கதை, நாடகம், திரைப்படம், வகுப்புப் பயிற்சி போன்ற கல்விக் கருவிகள் பயன்படுமா? பயன்படும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அந்தக் கருவியைக் கையில் எடுக்கும் ஆசிரியருக்கு, எடுத்ததற்காக யாரும் தன்னைத் தண்டிக்க மாட்டார்கள் என்ற உறுதி வேண்டும். உலகில் பல இடங்களில் கருவி தோற்கவில்லை; ஆசிரியரின் வாய்தான் அடைக்கப்பட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் சான்று. 2011 கணக்கெடுப்பில் ஹரியானாவில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அந்த மாநிலத்தின் சோனிபத், பானிபத், ரோத்தக், ஜஜ்ஜர் மாவட்டங்களில் 314 அரசுப் பள்ளிகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் 150 பள்ளிகளில் மட்டும் பிரேக்த்ரூ என்ற தொண்டு நிறுவனம் பாலினச் சமத்துவ வகுப்புகளை நடத்தியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், இரண்டரைக் கல்வியாண்டு. மொத்தம் 27 வகுப்புகள். ஏழாம் வகுப்பில் தொடங்கி பத்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகள். திவா தர், தருண் ஜெயின், சீமா ஜெயச்சந்திரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஏறத்தாழ 14,000 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2022-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ இதழில் வெளியிட்டார்கள். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, கணவன் அடித்தால் பொறுத்துப் போக வேண்டும் என்பன போன்ற பிற்போக்குக் கருத்துகள் 16 விழுக்காடு அளவுக்கு மாறியிருந்தன. வகுப்புகள் முடிந்து இரண்டு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் மாற்றம் நிலைத்திருந்தது.

பதினாறு விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். மூன்று வாரத்துக்கு முக்கால் மணி நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள். மீதி நேரமெல்லாம் வீடு, தெரு, சினிமா, கல்யாண மண்டபம் எல்லாம் எதிர்ப்பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருக்கின்றன. அவ்வளவுக்கும் எதிராக நின்று இவ்வளவு பெற்றிருக்கிறார்கள் என்றால், பள்ளிக்கு நாம் நினைப்பதைவிட அதிக வலு இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு அதைவிட முக்கியம். கருத்து மாற்றம் இருபாலரிடமும் இருந்தது. நடத்தை மாற்றம் பையன்களிடம்தான் கூடுதலாக இருந்தது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மனம் மாறிய பையன் மறுநாளே துடைப்பத்தை எடுக்கலாம், தடுப்பார் இல்லை. மனம் மாறிய பெண்ணுக்கு வெளியே போக அப்பாவின் அனுமதி வேண்டும். சமத்துவப் பாடத்தைப் பெண்பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைத்து நடத்தும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

இத்தகைய வகுப்பில் என்னதான் நடக்கிறது? பாலினப் பயிற்சிகளில் பரவலாகப் பயன்படும் ஒன்றைச் சொல்கிறேன். பலகையில் நடுவே ஒரு கோடு. ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா. காலை நாலரை மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் இருவரும் என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். வாசல் தெளிப்பது, தண்ணீர் பிடிப்பது, இட்லி ஊற்றுவது, தம்பியைக் குளிப்பாட்டுவது, வேலைக்குப் போவது, திரும்பி வந்து மாவாட்டுவது என்று அம்மாவின் பக்கம் நிரம்பி, எழுத இடம் போதாமல் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். அப்பாவின் பக்கம் சாயங்காலத்தோடு காலியாகக் கிடக்கும். ஆசிரியர் அறிவுரை சொல்வதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: இதில் எந்த வேலையைச் செய்ய ஆணின் உடம்பு இடம் கொடுக்காது? பிள்ளைகள் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார்கள். ஒன்றும் தேறாது.

பாடநூலில் ஒரு படமும் இதே வேலையைச் செய்யும். கேரளம் 2024-இல் வெளியிட்ட மூன்றாம் வகுப்புப் பாடநூலில் சமையலறைப் படம் ஒன்றில் அப்பா தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார். விளக்கம் ஏதும் இல்லை, துருவுகிறார், அவ்வளவுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும்.

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் 2008 முதல் நடந்த ஜெம்ஸ் என்ற முயற்சியும் பிரசாரத்தை மட்டும் நடத்திய பள்ளிகளையும், பிரசாரத்தோடு வகுப்பையும் நடத்திய பள்ளிகளையும் தனித்தனியே வைத்துப் பார்த்தது. வகுப்பில் உட்கார்ந்து பேசியதற்கே பலன் கூடுதல். மகளிர் தினத்தன்று ஒரு பேச்சுப் போட்டி, ஓர் உறுதிமொழி, ஒரு கோலப் போட்டி என்று முடித்துக்கொள்ளும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஹரியானாவும் மும்பையும் ஓர் எல்லையில் நின்றுவிட்டன. அங்கே பேசப்பட்டது ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு. ஒன்பதாம் வாய்ப்பாட்டில் தலைகுனியும் அந்தப் பையனின் பெயர் அங்கே வரவில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அவனை அடிக்கிறவர்களில் யாரும் அவன் யாரைக் காதலிக்கிறான் என்று விசாரித்துவிட்டு அடிப்பதில்லை. பதினொரு வயதில் அவனுக்கே அது தெரிந்திருக்காது. அவன் "பொட்டை மாதிரி" நடக்கிறான் என்பதுதான் குற்றம். பெண்ணைத் தாழ்வாக எண்ணும் சமூகத்தில்தான் பெண் மாதிரி இருப்பது வசையாகிறது. அதனால் அடுப்படியைப் பற்றிய பாடம் அந்தப் பையனுக்கும் பாதி உதவி. பாதி மட்டுமே. அப்பா தேங்காய் துருவலாம் என்று ஒத்துக்கொண்ட வகுப்பிலும், இரண்டு அப்பாக்கள் உள்ள வீட்டைப் பற்றியோ, ஆணாகப் பிறந்ததாக எல்லோரும் சொல்லத் தான் பெண் என்று உணரும் பிள்ளையைப் பற்றியோ ஒரு சொல்லும் வராவிட்டால், அந்த மௌனத்தையும் பிள்ளைகள் பாடமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

அந்த மௌனத்தைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு பிரிட்டன். 1980-களில் லண்டனில் ஆசிரியர்களுக்கான நூலகம் ஒன்றில் ஒரு சிறுவர் புத்தகம் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த சுசான் பேஷே எழுதியது. ஒரு சிறுமி தன் அப்பாவோடும் அவருடைய துணைவரோடும் வாழும் வாழ்க்கையைக் கருப்பு வெள்ளைப் புகைப்படங்களோடு சொல்லும் எளிய கதை. பத்திரிகைகள் இதை ஊதிப் பெரிதாக்கின. மார்கரெட் தாட்சர் அரசு 1988-இல் உள்ளாட்சிச் சட்டத்தில் 28-ஆம் பிரிவைச் சேர்த்தது: உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது, அதைக் குடும்ப உறவுபோல் ஏற்கத்தக்கது என்று பள்ளிகளில் கற்பிக்க வழிசெய்யக் கூடாது.

இந்தப் பிரிவின் கீழ் ஓர் ஆசிரியர்கூடத் தண்டிக்கப்படவில்லை. சட்டத்தின் வாசகம் உள்ளாட்சி அமைப்பைத்தான் கட்டுப்படுத்தியது. ஆசிரியரை நேரடியாகக் கட்டுப்படுத்தவே இல்லை. ஆனால் எந்த ஆசிரியர் சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போகிறார்? வேலை போய்விடும் என்ற வதந்தி போதுமானதாக இருந்தது. நூலகத்திலிருந்து புத்தகங்கள் காணாமல் போயின. அடிபட்டு வந்த பிள்ளையிடம் ஆறுதலாகப் பேசவும் பலர் அஞ்சினார்கள். ஸ்காட்லாந்து 2000-இலும் இங்கிலாந்தும் வேல்சும் 2003-இலும் அந்தப் பிரிவை நீக்கின. 2009-இல் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரன் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

அடைத்த வாய் திறந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். ஸ்டோன்வால் அமைப்பு எடுத்த கணக்கெடுப்புகளில், தன்பாலீர்ப்பு காரணமாகப் பள்ளியில் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகள் 2007-இல் 65 விழுக்காடு, 2012-இல் 55, 2017-இல் 45. சமூகம் மாறியது, திருமணச் சட்டம் மாறியது. குறைவு முழுவதையும் பள்ளியின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில்தான் ஆசிரியர்கள் கையில் பாடங்கள் வந்தன. 2006-இல் சண்டர்லேண்ட் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலரோடு 'நோ அவுட்சைடர்ஸ்' என்ற ஆய்வுத் திட்டம் தொடங்கியது. யாரும் வெளியாள் இல்லை என்பது பொருள். நியூயார்க் விலங்குக்காட்சிச் சாலையில் இரண்டு ஆண் பெங்குவின்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்த உண்மைக் கதையைச் சொல்லும் படப் புத்தகம் அதில் பயன்பட்ட நூல்களில் ஒன்று. அந்தத் திட்டத்தில் பங்கெடுத்த ஆண்ட்ரூ மொஃபட் பின்னாளில் பர்மிங்காமின் பார்க்ஃபீல்டு பள்ளியில் அதே பெயரில் ஒரு பாடத்திட்டம் வகுத்தார். 35 படக்கதைகள், ஒவ்வொரு வகுப்புக்கும் ஐந்து. இனம், மதம், உடற்குறை, வயது, பாலினம், பாலீர்ப்பு எல்லாவற்றையும் பற்றி. தன்பாலீர்ப்பு அதில் ஒரு சிறு பகுதிதான்.

பார்க்ஃபீல்டு பிள்ளைகளில் பெரும்பாலானோர் இஸ்லாமியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2019 தொடக்கத்தில் இந்தப் பாடங்களை எதிர்த்துப் பெற்றோர் பள்ளிக்கூட வாசலில் கூடினார்கள். ஒரு நாள் சுமார் 600 பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. மார்ச்சில் பள்ளி அந்தப் பாடங்களை நிறுத்தி வைத்தது. பிறகு பெற்றோரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, அவர்கள் சமயத்தையும் மனத்தில் வைத்துப் பாடத்தைத் திருத்தி, ஜூலையில் மீண்டும் தொடங்குவதாக அறிவித்தது. அதே நகரின் ஆண்டர்ட்டன் பார்க் பள்ளியின் வாசலில் நடந்த போராட்டம் உயர் நீதிமன்றம்வரை போனது. பள்ளியைச் சுற்றிப் போராட்டம் நடத்த 2019 நவம்பரில் நிரந்தரத் தடை விதித்த நீதிபதி, பள்ளியில் சொல்லித்தரப்படாதவற்றையெல்லாம் சொல்லித்தருவதாகப் போராட்டக்காரர்கள் திரித்துவிட்டதையும் பதிவு செய்தார்.

பெற்றோரைக் கலந்தாலோசித்தது சரி. அவர்களும் அந்த நாட்டில் ஒதுக்கப்பட்டவர்கள். தங்கள் பிள்ளைகளைத் தங்களிடமிருந்து பிரிக்கிறார்கள் என்ற அச்சம் பொய்யான அச்சம் இல்லை. ஆனால் வாசலில் கூடும் கூட்டத்துக்கு வகுப்பில் என்ன பேசலாம் என்று முடிவு செய்யும் உரிமையைக் கொடுத்துவிடக் கூடாது. பார்க்ஃபீல்டு பள்ளி பேச்சுவார்த்தைக்கும் போனது, பாடத்தையும் கைவிடவில்லை. அதற்குக் காரணம், பள்ளிக்குப் பின்னால் 2010-இன் சமத்துவச் சட்டம் நின்றது.

பின்னால் யாரும் நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் சாட்சி. வெறுப்பில்லாத பள்ளிக்காக அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் ஆதரவோடு குறும்படங்களும் கையேடுகளும் அடங்கிய தொகுப்பு ஒன்று தயாரானது. பள்ளிகளுக்குப் போவதற்கு முன்பே, நாடாளுமன்றத்தின் சமயவாத உறுப்பினர்களின் நெருக்கடியால் 2011 மே மாதம் அதிபர் டில்மா ரூசெஃப் அதை நிறுத்தினார். நிறுத்தியதோடு தொல்லை தீரவில்லை. வகுப்பறையை எட்டாத அந்தத் தொகுப்பைப் பற்றிய பொய்களை வைத்தே 2018 தேர்தலில் ஜைர் பொல்சனாரோ தரப்பு பிரசாரம் செய்தது. தாமே பின்வாங்கிய ஒன்றுக்காக யாரும் வாதாட முடியாமல் போயிற்று.

நம் கதை இதற்கு மிக அருகில் இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் திருநர்களின் உரிமையை ஏற்றது. 2018 செப்டம்பரில் தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்றது. 2019-இல் திருநர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இவற்றின் தொடர்ச்சியாக என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்காக ஒரு கையேட்டைத் தயாரித்து 2021 இறுதியில் தன் இணையதளத்தில் ஏற்றியது. திருநர் பிள்ளைகளைப் பள்ளி எப்படி அரவணைப்பது, கழிப்பறையும் சீருடையும் எப்படி இருக்கலாம், எதற்கெடுத்தாலும் ஆண் வரிசை பெண் வரிசை என்று பிரிப்பதை எப்படிக் குறைக்கலாம் என்று சொல்லும் கையேடு. தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் ஆட்சேபம் எழுப்பியது. சில நாள்களில் கையேடு இணையதளத்திலிருந்து மறைந்தது. 2023-இல் ஒரு புதிய வரைவு வந்தது. முதல் கையேட்டை இறக்கிய வேகம், இறுதி வடிவத்தைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோவதில் காணப்படவில்லை. கையேடு இறங்கிய செய்தியைப் படித்த ஆசிரியர் என்ன கற்றுக்கொண்டிருப்பார்? பிரிட்டன் ஆசிரியர்கள் 1988-இல் கற்றுக்கொண்டதைத்தான்.

இதற்கு நேரெதிரான நிகழ்வு, முதல் கையேடு இறங்கிய அதே 2021-இல் சென்னையில் நடந்தது. மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று திறந்த மனத்தோடு சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, பிறகே தீர்ப்பெழுதினார். 2021 ஜூன் 7 அன்று வந்த அந்த உத்தரவு காவல்துறை, மருத்துவத்துறை, சிறைத்துறை எனப் பலவற்றுக்கும் வழிகாட்டியது. பள்ளி, கல்லூரிகளுக்கும் தனியே சொன்னது: பாடத்திட்டத்தில் மாற்றம், பாலின வேறுபாடு இல்லாத கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்ற வசதி, தன்பாலீர்ப்புள்ளவர்களையும் திருநர்களையும் புரிந்துகொண்ட ஆலோசகர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகப் பெற்றோருக்கு விளக்கம். ஒரு நீதிபதிக்கே வகுப்பு தேவைப்பட்டது என்றால், பி.எட். படிப்பில் இதைப் பற்றி விரிவாக எதுவும் கேட்காமல் வேலைக்கு வந்த ஆசிரியருக்கு அது கட்டாயம் தேவை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழ்நாட்டில் வெறுங்கையோடு தொடங்க வேண்டிய நிலை இல்லை. திருநங்கையர் நல வாரியத்தை 2008-லேயே அமைத்த மாநிலம் இது. திருநங்கையான நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜின் வாழ்க்கை பதினொன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. பெருமைப்பட வேண்டிய செயல்தான். ஆனால் யுனெஸ்கோ ஆய்வில் பேசியவர்களில் மூன்றில் ஒருவர் படிப்பையே விட்டுவிட்டார் என்பதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதனை படைத்தவரைக் கொண்டாடுவது எளிது. எந்தச் சாதனையும் செய்யாத, கணக்கில் நாற்பது மதிப்பெண் வாங்குகிற, ஒல்லியான ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அதே மரியாதை வேண்டும். அதற்கான பாடம் ஆறாம் வகுப்பிலேயே வர வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் திரைப்படம் காட்டும் திட்டம் இருக்கிறது. படம் முடிந்ததும் பிள்ளைகளோடு கலந்துரையாட வேண்டும் என்பதும் அதன் பகுதி. பாலின வார்ப்புகளைப் பேசுவதற்கு இதைவிட இயல்பான இடம் கிடைக்காது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்காக மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையேடும் பயிற்சியும் கொடுத்த அமைப்பும் கைவசம் இருக்கிறது. ஹரியானா பாடத்தின் அடிப்படையில் ஒடிசாவும் பஞ்சாபும் அரசுப் பள்ளிப் பாடத்திட்டம் வகுத்திருக்கின்றன. தமிழ்நாடு அதை எடுத்து, ஹரியானா விட்ட பாதியையும் சேர்த்து எழுதலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பெட்டியைத் திறந்து படிக்கும் மாணவர் பாதுகாப்புக் குழுவினருக்குப் பாலியல் தொல்லையைப் பற்றிய வழிமுறைகள் தரப்பட்டுள்ளன. "என்னை ஒன்பதுன்னு கூப்பிடுறாங்க" என்று ஒரு சீட்டு வந்தால் என்ன செய்வது என்ற வழிமுறையும் அவர்களுக்கு எழுத்தில் வேண்டும். எழுதிய பிள்ளையின் வீட்டுக்கு அவசரப்பட்டுத் தகவல் சொல்லக் கூடாது, ஏனென்றால் பல பிள்ளைகளுக்குப் பள்ளியைவிட வீடே ஆபத்தானது. நடையை மாற்று என்று சொல்லக் கூடாது. கூப்பிட்ட பிள்ளைகளை அடிக்கவும் கூடாது. அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு வகுப்பு நேரம் ஒதுக்க வேண்டும். அந்த வகுப்பை நடத்தியதற்காக யாராவது ஆட்சேபித்தால் ஆசிரியரின் பக்கம் நிற்பதாகப் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கையில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவே போதும்.